450 ஏக்கரில் சோலார் வருகிறது: அனுமதி யார் கையில் இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் மானாவாரி ஊர். 450 ஏக்கரில் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் வரப்போவதாகத் தரகர்கள் சொல்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் விற்றுவிட்டார்கள், சிலர் குத்தகைக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு யார் அனுமதி தருகிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது, அதில் என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டம் எதுவும் நடக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தே பல ஊர்கள் காலத்தைக் கோட்டைவிட்டிருக்கின்றன. காற்றாலைக் காலத்தில் தொடங்கி இப்போது சோலார் வரை, நிலம் பார்ப்பதும் கோப்பு நகர்த்துவதுமாகப் பதினான்கு ஆண்டுகளைத் தென்மாவட்டத் தாலுகா அலுவலகங்களில் கழித்தவன் நான். பெரும்பாலும் நிறுவனங்களின் பக்கம்தான் வேலை செய்திருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை என்றால் பந்தல் போட்டு, மைக் வைத்து, ஊர்மக்கள் பேசுவதைப் பதிவு செய்வார்கள். அவை 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் இருக்கின்றன. சூரிய ஒளித் தகடுகளால் மின்சாரம் எடுக்கும் நிலையம் அந்த அட்டவணையில் இல்லை. பத்து ஏக்கரானாலும் இரண்டாயிரம் ஏக்கரானாலும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016 இல் மாசின் அளவை வைத்துத் தொழில்களுக்கு நிறம் பிரித்தபோது சோலாரை வெள்ளைப் பிரிவில் வைத்தது. வெள்ளை என்றால் வாரியத்தின் இசைவாணை வேண்டாம், தகவல் தெரிவித்தால் போதும். மின்சாரச் சட்டம் 2003 இன் 7 ஆம் பிரிவோ, மின்கட்டமைப்பில் இணைவதற்கான தொழில்நுட்பத் தரம் இருந்தால் மின் உற்பத்திக்கு உரிமமே தேவையில்லை என்கிறது.

வெளிநாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தில், கென்ட் மாவட்டத்தின் ஃபேவர்ஷாம் ஊருக்கு அருகே கிளீவ் ஹில் என்று ஒரு சோலார் திட்டம். 50 மெகாவாட்டைத் தாண்டினால் அமைச்சர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது அப்போதைய விதி. 2018 நவம்பரில் விண்ணப்பம் போனது. 2019 இல் ஆறு மாதம் அதிகாரிகள் குழு ஒன்று உட்கார்ந்து, குளிர்காலத்தில் அந்தச் சதுப்புநிலத்துக்கு வரும் வாத்துகள் முதல் பேட்டரி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது வரை ஊர்க்காரர்களைப் பேசவிட்டுக் கேட்டது. 2020 மே மாதம் அனுமதி கிடைத்தது. ஆம், அனுமதிதான் கிடைத்தது. கூட்டம் நடந்தால் திட்டம் நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பறவைகளுக்கென்று தனியாக நிலம் ஒதுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் எழுத்தில் வந்தன. நம் ஊரில் அந்த நிபந்தனைகளை எழுதுவதற்கு ஒரு தாள்கூடக் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

இங்கே திட்டத்துக்கு என்று ஒரே அனுமதி இல்லை. துண்டு துண்டாகப் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இடங்களில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒன்று வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு. மற்றொன்று துணைமின் நிலையம். மீதியெல்லாம் நேரம் எடுக்கும், பணம் எடுக்கும், ஆனால் திட்டத்தை நிறுத்தியதை நான் பார்த்ததில்லை.

நிலத்தில் தொடங்குகிறேன். மெகாவாட்டுக்கு நாலு முதல் ஐந்து ஏக்கர் என்பது கணக்கு. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் முடிந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கர். அதைக் கட்டி முடிக்க எட்டு மாதம்தான் ஆனது. கட்டுவதற்கு எட்டு மாதம் என்றால், 450 ஏக்கரைச் சிக்கலில்லாமல் சேர்க்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். எங்கள் தொழிலில் உண்மையான வேலை அதுதான்.

ஏன் அவ்வளவு காலம்? உங்கள் ஊர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரில் பட்டா, அவருக்கு ஆறு பிள்ளைகள், அதில் ஒருவர் மும்பையில், ஒருவர் இறந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. கூட்டுப் பட்டாவில் எட்டுப் பெயர், யாருக்கு எந்தப் பக்கம் என்று உட்பிரிவு செய்யவில்லை. எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வார்களே அதில், பக்கத்துக்காரர் பெயர் தவறாக ஏறியிருக்கும். கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் கருத்து எழுதுவார். அவர் திருப்தியடையாத நிலத்தில் கம்பம் ஊன்ற முடியாது. அரசு அதிகாரிகள் எல்லோரையும்விடக் கறாரானவர் இந்த வழக்கறிஞர்தான் என்பது என் அனுபவம்.

இதற்குள் ஒரு பெரிய கதவு இருக்கிறது. தமிழ்நாடு நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961. நிலம் வைத்திருப்பதற்கான உச்சவரம்பை 1970 இல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தார்கள். ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது நிலத்தின் தரத்தைப் பொறுத்து மாறும் கணக்கு. மானாவாரி நிலத்துக்கு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது சாதாரண ஏக்கரைவிடப் பெரியது என்றாலும், 450 ஏக்கர் அந்த வரம்பை எங்கோ தாண்டிவிடும். அதே சட்டத்தின் 37-ஏ பிரிவின்கீழ், தொழில் நிறுவனம் ஒன்று வரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அரசு அனுமதி தரலாம். கோப்பு தாலுகாவில் தொடங்கிச் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள நிலச் சீர்திருத்த ஆணையர் வழியாகத் தலைமைச் செயலகம் போகும். ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாட்டையும் வருவாய்த்துறை எழுத்தில் சொல்லியாக வேண்டிய இடம் இது. அதனால்தான் உங்களுக்கு இது முக்கியம். ஒரே திட்டம் நாலைந்து துணை நிறுவனங்களின் பெயரில் வந்தால் குழம்பாதீர்கள். கமுதித் திட்டமே ஐந்து நிறுவனங்களின் பெயரில் வந்தது. கடனுக்கும் மின்கொள்முதல் ஒப்பந்தத்துக்கும் அப்படிப் பிரிப்பது வழக்கம். ஆனால் நீங்கள் மனு எழுதும்போது எல்லாப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை விட்டால், "எங்கள் நிறுவனத்தைப் பற்றியதல்ல" என்று பதில் வரும்.

நில வகைப்பாடு மாற்றம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகர் ஊரமைப்புத் துறையின் திட்டமிடல் பகுதிக்கு (பிளானிங் ஏரியா) வெளியே இருக்கும் ஊர் என்றால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017 விதிகளும் பொருந்தும். புஞ்சை என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம் ஒப்புக்கொண்டால் உள்ளாட்சி அமைப்பு அனுமதி தரும். நஞ்சை என்றால் ஆட்சியரின் ஒப்புதலும் வேண்டும். உங்கள் ஊரில் கண்மாய்ப் பாசன நஞ்சை கொஞ்சமாவது இந்த 450 ஏக்கருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆட்சியர் மேசைக்குப் போகும்.

இனி ஓடை. என்னைக் கேட்டால், உங்கள் வழக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு திட்டத்துக்கு நிலம் அளக்கப் போயிருந்தோம். சித்திரை மாதம். கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது, வெடிப்புக்குள் கைத்தடியை விட்டால் அரைக்கம்பு உள்ளே போகும். புலப்படத்தில், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வருவாய்த்துறை வைத்திருக்கும் அளவை வரைபடத்தில், இரட்டைக் கோடாக ஓர் ஓடை, மூன்று சர்வே எண்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போகிறது. தரையில் சீமைக் கருவேலத்தைத் தவிர ஒன்றுமில்லை. செயற்கைக்கோள் துணையோடு நிலம் அளக்கும் டி.ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்த இளைஞர் "ஓடை இல்லை" என்று குறித்துக்கொண்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ஐப்பசி கார்த்திகையில் இதே இடத்தில் வந்து நில்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். எங்கே நிற்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எழுந்து வந்து, ஒரு கருவேல மரத்தின் தூரில் இடுப்பு உயரத்தில் சிக்கியிருந்த காய்ந்த வைக்கோலையும் பிளாஸ்டிக் பையையும் காட்டினார். தண்ணீர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது.

அதை என் அறிக்கையில் எழுதினேன். நிறுவனம் கருவேலத்தை அழித்து, மேடுபள்ளம் சமன் செய்து, ஓடையின் மேலேயே வேலி போட்டது. 2023 டிசம்பர் மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது, வேலியில் குப்பை அடைத்ததும் திரும்பிப் பக்கத்து உளுந்துக் காட்டை வாரிக்கொண்டு போனது. ஊறிய கரிசலில் இரண்டு வரிசைத் தகடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காப்பீட்டுக்காரர் வந்தபோது முதலில் கேட்டது புலப்படத்தைத்தான்.

ஓடை, வாய்க்கால், கண்மாய் உள்வாய் எல்லாம் அரசுப் புறம்போக்கு. இரண்டு பக்கமும் பட்டா நிலத்தை வாங்கிவிட்டதால் நடுவில் உள்ளது நிறுவனத்துடையது ஆகிவிடாது. நிலப் பரிமாற்றம் என்று ஒரு விண்ணப்பம் போடுவார்கள், அதாவது இதை எங்களுக்குக் கொடுங்கள், அதே பரப்பு வேறு இடத்தில் தருகிறோம் என்று. தரிசு என்றால் யோசிப்பார்கள். நீர்வழிப் புறம்போக்கு என்றால் நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டி வருவாய்த்துறை பெரும்பாலும் கையைக் கழுவிவிடும். ஆனால் 2023 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிறப்புத் திட்டம் என்று அரசு அறிவித்து, பரப்பு 100 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்து, உள்ளே நீர்நிலை இருந்தால், அதற்குத் தனி நடைமுறை வைத்திருக்கிறது அந்தச் சட்டம். உங்கள் 450 ஏக்கர் சுமார் 182 ஹெக்டேர். ஆகவே அறிவிப்பு ஏதும் வருகிறதா என்று அரசிதழைக் கவனிப்பது நல்லது.

வண்டிப்பாதையும் இதே கதைதான். புலப்படத்தில் பாதை என்று இருந்தால் யாரும் வேலி போட முடியாது. படத்தில் இல்லாமல் காலம் காலமாக நடந்த வழி என்றால், 1882 ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி இருபது ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தியதை உரிமையியல் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். வேலி போட்ட பிறகு வழக்குப் போடுவதற்கும் போடுவதற்கு முன் தடை கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் நிலத்தில். பஞ்சமி நிலம்: 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது, அவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கைமாற முடியாது. யு.டி.ஆரில் வேறு பெயர் ஏறியிருந்தாலும் நிபந்தனை அழியாது. நிறுவனம் அறியாமல் வாங்கி, பின்னால் தெரிந்து அந்தத் துண்டை மட்டும் திட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது பனை. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. பனை நிழல் தகட்டில் விழுந்தால் உற்பத்தி குறையும் என்பதால் சோலார்க்காரர்களுக்குப் பனை என்றாலே ஆகாது. புல்டோசர் இரவில்தான் வரும். எத்தனை பனை, எந்த சர்வே எண்ணில் என்று தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பனை விழுந்த பிறகு அது இருந்ததற்குச் சாட்சி கிடைக்காது.

துணைமின் நிலையத்துக்கு வருவோம். 100 மெகாவாட்டை ஊர் டிரான்ஸ்பார்மரில் கொண்டுபோய்க் கட்ட முடியாது. 110 அல்லது 230 கிலோவோல்ட் துணைமின் நிலையம் ஒன்றில் இடம் வேண்டும். மின்வாரியம் 2024 இல் பிரிந்த பிறகு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு என்று பசுமை எரிசக்திக் கழகம் வந்திருக்கிறது. கம்பியும் கோபுரமும் மின் தொடரமைப்புக் கழகத்தினுடையவை. இவ்வளவு மின்சாரம் உள்ளே வந்தால் எந்தக் கம்பி சூடாகும், எந்த மின்மாற்றி திணறும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். தென்மாவட்டத்தில் அதே கம்பிகளில் காற்றாலையும் இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று வீசும்போது இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இடம் இல்லை என்று சொல்லிவிட்டால் 450 ஏக்கரும் வெறும் கரிசல்தான். அதனால், "நிறுவனம் உண்மையிலேயே வருமா, நிலத்தை வாங்கி விற்கும் கூட்டமா" என்ற உங்கள் சந்தேகத்துக்கு எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, எந்தத் துணைமின் நிலையத்தில் என்று கேளுங்கள். திட்டம் வைத்திருப்பவர் உடனே பெயர் சொல்வார். சொல்லத் தெரியாமல் முழிப்பவர் தரகர்.

அங்கிருந்து உங்கள் ஊர்வரை வரும் மின்பாதை தனிப் பிரச்சினை. நிலத்தை விற்காதவர் தலைக்கு மேலும் அது போகும். நில உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் விஷயம் மாவட்ட ஆட்சியரிடம் போகும் என்பது பொதுவிதி. மின்சாரச் சட்டத்தின் 164 ஆம் பிரிவின்கீழ் அந்தக் காலத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை அரசு கொடுத்துவிட்டால், சம்மதம் என்ற பேச்சே கிடையாது, இழப்பீடு மட்டும்தான். 2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பாதைகளில், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பின் 200 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு 30 சதவீதம். மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது கட்டாயம். ஆனால் பேரத்தில் அந்த எண்களை மேசையில் வைக்க யாரும் தடைசொல்ல முடியாது.

கடைசியில் மின் ஆய்வுத்துறை வரைபடத்தைப் பார்க்கும், பிறகு நேரில் வந்து பாதுகாப்புச் சான்று தரும், மின்கட்டமைப்போடு இணைத்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் ஊர் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

குத்தகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவாக வேண்டும், வெள்ளைத்தாள் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை. 25 அல்லது 30 ஆண்டு முடிந்ததும் தகட்டையும் தரையில் அடித்த இரும்புக் கம்பங்களையும் யார் பிடுங்குவது என்பதைப் பத்திரத்தில் எழுதிவாங்குங்கள். 2022 மின்னணுக் கழிவு விதிகள் தகடுகளைத் தொட்டிருக்கின்றன, அது தயாரிப்பாளருக்கான கடமை. உங்கள் காட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கும் கம்பங்களைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. கிணற்றையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா, தகடு கழுவ அதில் தண்ணீர் எடுக்கலாமா என்பதையும் தனியாக எழுதுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானத்தால் திட்டம் நிற்காது. ஆனால் "இந்த சர்வே எண்களில் ஓடை இருக்கிறது, இந்தப் பாதை பொதுப்பாதை" என்று எண்ணோடு எழுதிய தீர்மானம், 37-ஏ கோப்பிலும் நீதிமன்றத்திலும் ஆவணமாக நிற்கும். "சோலார் வேண்டாம்" என்று மட்டும் எழுதிய தீர்மானத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடையில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வரும்போது அதே எண்களை வைத்து வருவாய்த் தீர்வாய அலுவலரிடம் மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

மனு எழுதும் முன் 450 ஏக்கருக்கும் புலப்பட நகல்களை எடுத்து, தரையில் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். இரட்டைக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஊரில் வயதான இரண்டு பேரை உட்காரவைத்துக் கேளுங்கள். பிறகு அந்த எண்களை 'அ' பதிவேட்டில் தேடுங்கள், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் கிராமப் பதிவேடு அது. ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் வேலை சுலபம். ஓடை ஓடுகிற இடத்தில் பட்டாதாரர் பெயர் இருந்தால், யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் (எஸ்.எல்.ஆர்.) நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் சர்வே எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் "ஆவணம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.